ஆயிரம் அடி போர் போட்டாலும் மலையோட வேர்தான் வரும்

மதுரையில இப்ப வீடு கட்டுற யாரைப் பார்த்தாலும் கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை அடி போட்டீங்க?" 600, 800, 1000... பையன் பத்தாவதுல எடுத்த மார்க் மாதிரி பெருமையா வேற சொல்றாங்க. தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பார்க்க ஒருத்தர், அப்புறம் ரிக் வண்டி, கடைசில பாதி பேருக்கு வர்றது வெறும் கல்மாவு. இந்த ஆழப் போட்டியே வெட்டிவேலைங்கறது என் கட்சி. ஏன்னு சொல்ல நாம கொஞ்சம் ஆழமாப் போகணும். 25 கிலோமீட்டர்!

நம்ம காலுக்கடியில இருக்கறது பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். (கல்கத்தா ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போட்ட கல்லுங்கறதால தாமஸ் ஹாலந்து வச்ச பேரு. அந்தக் கல்லே நம்ம பல்லாவரம் பக்கத்து சரக்குதான், பேர் மட்டும் வெள்ளைக்காரனுக்கு. சரி விடுங்க.) சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி கோண்டுவானா கண்டம் ஒண்ணு சேர்ந்தப்போ, இந்தப் பாறையெல்லாம் ஒரு பெரிய மலைத்தொடரோட அடிவயித்துல, 25-30 கிலோமீட்டர் ஆழத்துல வெந்துகிட்டிருந்துச்சு. வத்தலக்குண்டு பக்கத்துல கெங்குவார்பட்டின்னு ஒரு ஊர். நமக்குக் கொடைக்கானல் பஸ்ல கண்ணசர்ற இடம். அங்க கிடைக்கிற சஃபிரின் கனிமம் இருக்கற பாறை ஏறக்குறைய 1000 டிகிரி சூட்டைப் பார்த்ததுன்னு உலகம் பூரா ஜியாலஜிக்காரங்களுக்குத் தெரியும்.

அந்த ஆழத்துல இருந்தது எப்படி மேல வந்துச்சு? பூமியோட மேலோடு மேன்டில் மேல மிதக்குற மாதிரின்னு வச்சுக்குங்க. மேன்டில் திடப்பொருள்தான், ஆனா லட்சக்கணக்கான வருஷக் கணக்குல பார்த்தா மெதுவா ஒழுகும். மழையும் ஆறும் மேல ஒரு கிலோமீட்டரை அரிச்சா, பாரம் குறைஞ்சு கீழேயிருந்து சுமார் 800 மீட்டர் மறுபடி எழும்பும். இப்படியே அரிக்க அரிக்க, வேர் வெளிய வந்துடுச்சு. யானைமலை அந்த வேரோட ஒரு துண்டு.

கிழக்கே போனா கதை அப்படியே உல்டா. டைனோசர் காலத்துல இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிஞ்சப்போ அங்க மேலோடு இழுபட்டு மெலிஞ்சுது, அடியில சூடான மேன்டில் மேல வந்துச்சு, அப்புறம் அது ஆற ஆறத் தரை அமுங்குச்சு. அந்தக் காவிரிப் படுகைல சில இடத்துல 5 கிலோமீட்டருக்கு மேல வண்டல். ராமநாதபுரமும் அதுல சேர்த்தி, வழுதூர் மின்நிலையம் ஓடுற கேஸ் அந்த வண்டல்ல கிடைக்கிறதுதான். மேற்கே எழும்பினதை அரிச்சு கிழக்கே அமுங்கினதுல கொட்டுறது நம்ம வைகை.

மோதல் எல்லாம் என்னைக்கோ முடிஞ்சுபோச்சே, பழனி மலை இன்னும் எப்படி 2000 மீட்டர் உசரத்துல நிக்குது? இதுல ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் பஞ்சாயத்து ஓடுது. மடகாஸ்கர் பிரிஞ்சப்போ அடியில இருந்த சூடுன்னு ஒரு கோஷ்டி, அரிப்பால வந்த எழுச்சியே போதும்னு இன்னொரு கோஷ்டி. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைஞ்சு கடல்மட்டம் 106 மீட்டர் பள்ளமா இருக்கறதுக்கு மேன்டில்ல ஏறி வர்ற சூடான சரக்குதான் காரணம்னு பெங்களூரு ஐஐஎஸ்ஸி ஆளுங்க 2023ல எழுதினாங்க. அது தனிப்பதிவு மேட்டர்.

இப்ப போருக்கு வருவோம். சுமார் 8,000 மடங்கு காற்றழுத்தத்துல நசுங்கின பாறையில தண்ணி நிக்க ஓட்டை ஏது? மேல மக்கிப்போன சுக்கான் அடுக்குலயும், கீழ அங்கங்க இருக்கற வெடிப்புலயும்தான் தண்ணி. ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். "எங்க மாமா வீட்ல 900 அடியில பிச்சுக்கிட்டு வந்துச்சே"ம்பீங்க. வந்திருக்கும், ஒரு வெடிப்பு மாட்டியிருக்கும். ஆனா அதை நிரப்புறதும் மேலேர்ந்து சொட்டுச் சொட்டா இறங்குற மழைத்தண்ணிதான். நாலு வீட்டுக்காரங்க அதையே உறிஞ்சா எத்தனை கோடைக்கு வரும்?

ஜியாலஜி படிக்காமலே இதைப் புரிஞ்சுகிட்டுத்தான் நம்மாளுங்க ஊருக்கு ஊரு கண்மாய் வெட்டி வச்சாங்க. கல்லு குடிக்காது, தண்ணியை மேலேயே நிறுத்தி மெதுவா இறக்கணும். நாம என்ன பண்ணினோம்? கண்மாயில பிளாட் போட்டோம். 2004ல திறந்த ஹைகோர்ட் கிளையே உலகனேரி கண்மாய்லதான் நிக்குது, யார்கிட்ட போய் கேஸ் போடறது? :-)

உங்க ஏரியாவுல கேசிங் பைப் எத்தனை அடியோட நின்னுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. மக்கின பாறை அங்க எவ்வளவு கனம்னு அதை வச்சே தெரிஞ்சுடும். மொத்த ஆழம் வேண்டாம், அதான் எல்லாரும் சொல்றீங்களே.