சைக்கிளின் 54 என்ற எண்

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை ஐந்தாம் எண் சாலையில் மிதிக்க ரேஸ் சைக்கிள் தேடுபவர், பிரேமில் ஒட்டிய '54' என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது முதலில் சீட் குழாயின் நீளத்தைக் குறித்தது. மேல்குழாய் கிடைமட்டமாக இருந்தவரை அதற்குப் பொருள் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஜயண்ட் கம்பெனியின் டி.சி.ஆர். சைக்கிள் சரிந்த மேல்குழாயைப் பரப்பிய பிறகு கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறிவிட்டது. கேட்க வேண்டியவை ஸ்டேக்கும் ரீச்சும்: கிரேங்க் அச்சிலிருந்து பிரேமின் ஹெட் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே என்பது.

பால்மரம் வெட்ட 28 அங்குலச் சைக்கிளில் போனவர்கள் அளவா பார்த்தார்கள் என்பார்கள். ஆனால் அதில் ஹேண்டல் ஆளை நோக்கி வளைந்து வரும். நிமிர்ந்து உட்காரலாம், பாரம் சீட்டில் இறங்கும். ரேஸ் சைக்கிளில் ஒரு பங்கு உள்ளங்கைக்குப் போகிறது. சீட்டை நகர்த்திச் சமாளிக்கலாமே? சீட் காலுக்கானது, கை எட்டவில்லையென்று முன்னே தள்ளினால் முழங்கால்தான் வலிக்கும். ஹேண்டலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை ஓரிரு சென்டிமீட்டர் மாற்றலாம், அவ்வளவே. தட்டையான ஊருக்கு இவ்வளவு கணக்கா என்றால், தட்டையாக இருப்பதால்தான்: எழுந்து மிதிக்க ஏற்றமே இல்லை, தஞ்சோங் காராங் வயல்வெளியில் எதிர்காற்றில் ஒரே குனிவு. கடைக்காரர்கள் விலைச்சீட்டிலேயே இவ்விரு அளவுகளையும் எழுதலாம்.

வாசகர், ஈஜோக்