எல்லைக்கோட்டில் ஒரு கிலோ ரப்பர்

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள குளத்தூர், பாறசாலை ஊர்களின் ரப்பர் விவசாயிகள் சக குடிமக்களுக்கு வைக்கும் வேண்டுகோள்

குளத்தூர்க் கடற்கரைப் பக்கம் தென்னைதான். பாறசாலை தாண்டி வெள்ளறடைக்கு ஏற ஏறத்தான் ரப்பர் வரிசை கட்டி நிற்கும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறார்கள். சிரட்டையில் சொட்டிய பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து அழுத்தி, வெயிலிலும் புகையிலும் உலர்த்தினால் ஷீட். இத்தனையும் செய்தவருக்கு அதன் விலையைச் சொல்லும் உரிமை மட்டும் இல்லை. அது பாங்காக் சந்தையிலும், டயர் கம்பெனிகளின் இறக்குமதிக் கணக்கிலும் முடிவாகிவிடுகிறது.

2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. பல தோட்டங்களில் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் மரத்தைச் சும்மா விட்டார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டிய விலை, அதே வேகத்தில் இறங்கவும் செய்தது.

அந்த வீழ்ச்சிக் காலத்தில், 2015-ல், கேரள அரசு ரப்பர் உற்பத்தி ஊக்கத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்று கிலோவுக்கு 150 ரூபாய் என்று நிர்ணயித்த ஆதரவு விலை 2021-ல் 170, 2024-ல் 180, 2025 நவம்பரில் 200 என்று உயர்ந்தது. ரப்பர் வாரியத்தின் அன்றைய விலை 180 என்றால், மீதி 20 ரூபாயை அரசு விவசாயியின் வங்கிக் கணக்கில் போடும். சிறு விவசாயிகளுக்கான திட்டம் இது. லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விற்ற பில்லை ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வழியாகக் கொடுத்தால்தான் பணம். அவசரத்துக்குத் துண்டுச் சீட்டில் விற்ற ஷீட்டுக்கு ஒரு பைசா வராது. ஆகவே முதல் வேண்டுகோள் ரப்பர் விவசாயிகளிடமே: பில் இல்லாமல் விற்காதீர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நிலைமை வேறு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. மண், மழை, மரம், பேச்சு எதுவும் மாறவில்லை. ஆனால் கேரளம் கொடுக்கும் இந்த வித்தியாசத்தொகை களியக்காவிளை எல்லையோடு நின்றுவிடுகிறது. அருமனையிலும் குலசேகரத்திலும் வெட்டுகிற ஷீட்டுக்குச் சந்தை விலை மட்டுமே.

“விவசாயிக்கு எத்தனை மானியம்தான் கொடுப்பது?” என்று பஸ்ஸில் அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மானியம் உண்மையில் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் டயர் கம்பெனி 180 ரூபாய்க்கே வாங்குகிறது. மீதி 20 ரூபாய் வரி கட்டும் மக்களின் பணம். உலகச் சந்தையில் விலை சரியச் சரிய அரசின் செலவு கூடும், கம்பெனியின் செலவு குறையும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை இது. ஓட்டை இருப்பது இறக்குமதி வந்திறங்கும் துறைமுகத்தில்.

தாய்லாந்தும் தன் விவசாயிக்கு ஆதரவு கொடுத்தது. உலகில் அதிகம் ரப்பர் விளைவிக்கும் அந்த நாடு 2019-ல் தரமான ஷீட்டுக்குக் கிலோ 60 பாட் வருமான உத்தரவாதம் அறிவித்தது. அங்கே உள்ளவரும் நம்மைப் போன்ற சிறு விவசாயிதான், அவர்மேல் கோபம் கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் இப்படி உத்தரவாதம் இருப்பதால் விலை விழுந்தபோதும் வெட்டு நிற்காமல் நடந்தால், கூடுதல் சரக்கு உலகச் சந்தையில் வந்து விலையை இன்னும் அழுத்தும். இங்கே கொடுப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தப் பட்டியலில் பருத்தி இருக்கிறது, கச்சாப் பட்டு இருக்கிறது, ஆட்டு ரோமம்கூட இருக்கிறது. ரப்பர் இல்லை! மரத்திலிருந்து வடியும் பால் அங்கே தொழிற்சாலைச் சரக்கு. டெல்லியிலும் ரப்பர் வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை, வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பக்கத்துத் தென்னைக்காரருக்குக் கொப்பரைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, ரப்பர்காரருக்குக் கிடையாது.

இறக்குமதி வரியைப் பாருங்கள். உலர் ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விலை 200 ரூபாயாக இருந்தால் 25 சதவீதம் என்பது 50. ஆனால் வசூலாவது 30 மட்டும், அதாவது 15 சதவீதம். கூடவே கூட்டு ரப்பர் என்றொரு வழி. கச்சா ரப்பரில் கொஞ்சம் கரியோ ரசாயனமோ கலந்துவிட்டால் சுங்கக் கணக்கில் அது வேறு சரக்கு. 2023 பட்ஜெட் அதன் வரியை 10 சதவீதத்திலிருந்து உயர்த்தி உலர் ரப்பருக்குச் சமமாக்கியது. தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளிலிருந்து வருவதற்கு மட்டும், இந்தியா அவற்றோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகை தொடர்ந்தது. அந்த ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து 2009 அக்டோபர் 2-ல் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை நடந்த மனிதச் சங்கிலி பலருக்கு நினைவிருக்கும். கச்சா ரப்பர் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் நின்றது, கூட்டு ரப்பர் நுழைந்துவிட்டது.

நாட்டின் தேவை ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் டன். விளைவது 9 லட்சம் டன்னுக்கும் கீழே. எனவே இறக்குமதியே கூடாது என்று இந்த விவசாயிகள் சொல்லவில்லை. வருகிற சரக்கு சரியான வரி கட்டி வரட்டும், அந்த வரி ஆதரவு விலைக்குப் பயன்படட்டும் என்கிறார்கள்.

அடுத்த கிராம சபையில் ரப்பர் இல்லாதவர்களும் வந்து மூன்று தீர்மானங்களுக்குக் கைதூக்க வேண்டும்: ரப்பரை விவசாயப் பொருளாக மத்திய அரசு ஏற்பது; 30 ரூபாய் உச்சவரம்பை நீக்குவது; ஆசியான் ஒப்பந்தத்தில் கூட்டு ரப்பருக்கான சலுகையை எடுப்பது. குமரி மாவட்டத்து நண்பர்கள் நான்காவதாக, தமிழ்நாட்டிலும் ஓர் ஆதரவு விலை கேட்டுத் தீர்மானம் போடலாம். தீர்மான நகல்கள் திருவனந்தபுரம் எம்.பி.க்கும் கன்னியாகுமரி எம்.பி.க்கும் போகட்டும். இருவரும் நாடாளுமன்றத்தில் ஒரே கேள்வியை எழுப்பினால், பதில் சொல்ல வேண்டியவர் வர்த்தக அமைச்சர்.