எங்க திடலுக்கு எதுக்கு இந்த 25 பாயின்ட்?

எங்க ஊர்த் திடல்ல சாயங்கால வாலிபாலுக்குப் பசங்க புது ரூல் கொண்டுவந்து மூணு மாசம் ஆகுது. பக்கத்துக்கு ஆறே பேர். 25 பாயின்ட். யார் தப்பு பண்ணாலும் எதிர்ப் பக்கத்துக்கு பாயின்ட். தோத்த டீம் வெளிய, ஜெயிச்ச டீம் உள்ளயே நிக்கும். ஏன்டா இப்படின்னு கேட்டா, "இன்டர்நேஷனல் ரூல் பெரியப்பா" என்று வாயை அடைக்கிறாங்க. பட்டணத்துல இருக்கிற நீங்க, விளையாட்டுல என்ன பெரிய நியாயம்னு நினைக்கலாம். படிச்சிட்டுச் சொல்லுங்க.

பழைய ஆட்டத்துல வந்தவன் எல்லாம் உள்ள. பக்கத்துக்கு எட்டு, ஒன்பது, பொங்கலுக்குத் திருப்பூர், சென்னைல இருந்து பசங்க வந்துட்டா பதினொண்ணுகூட. 15 பாயின்ட். சர்வீஸ் போடுற பக்கம் ஜெயிச்சாத்தான் பாயின்ட், இல்லைன்னா சர்வீஸ் மட்டும் கைமாறும். காலைல இருந்து நாத்து பறிச்சிட்டு வந்தவன் கை சோர்ந்து சர்வீஸை நெட்ல அடிச்சாலும், "சரி விடு, சேஞ்ச்" என்று அதோட முடிஞ்சிரும். இப்ப அதே தப்புக்கு ஒரு பாயின்ட் போகுது. 23-22ல ஒருத்தன் நெட்ல அடிச்சுட்டா அவனைக் கூட ஆடுறவனே மொறைக்கிற மொறைப்பு இருக்கே! ரெண்டு நாள் மொறைச்சா மூணாம் நாள் அவன் திடல் பக்கமே வரமாட்டான்.

இன்டர்நேஷனல்னு சொல்றாங்களே, அந்தக் கதையையும் பாப்போம். 1895-ல அமெரிக்காவுல ஹோலியோக் என்ற ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். யாருக்காக? பாஸ்கெட்பால் ஆடினா மூச்சு வாங்குற, வயசான வியாபாரிகளுக்காக. அவர் எழுதின முதல் விதில பக்கத்துக்கு எத்தனை பேர் வேணும்னாலும் நிக்கலாம். அதாவது எங்க பழைய திடல் ஆட்டம்தான் மூல ஆட்டத்துக்குக் கிட்டத்துல இருக்கு!

ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் என்ற முறையை எல்லா செட்டுக்கும் கொண்டுவர உலக சம்மேளனம் முடிவெடுத்தது 1998-ல். ஆட்டம் எப்ப முடியும்னே தெரியாம இழுத்துட்டே போனதால டிவில காட்டக் கஷ்டம், அதனால மாத்தினாங்க. எங்க திடல்ல டிவியா ஓடுது? ரெண்டு ஆடும் தண்ணித் தொட்டி மேல உக்காந்த நாலு பொடியனும்தான் பாக்கிறான்.

அதே சம்மேளனம் ஆட்டத்தை இளக்கியும் விட்டிருக்கு. இப்ப கால்ல பட்டாலும் தப்பில்லை. முதல் பந்தை எடுக்கும்போது ஒரே அசைவுல ரெண்டு தடவை பட்டாலும் தப்பில்லை. சர்வீஸ் நெட்டை உரசிட்டு அந்தப் பக்கம் விழுந்தாலும் செல்லும். இதையெல்லாம் எங்க பசங்க கேள்விப்படவே இல்லை போல. வயசானவன் முதல் பந்தை எடுத்தா "டபுள் டச்" என்று விசில் ஊதுறான். அப்புறம் ரொட்டேஷன்! புத்தகப்படி சர்வீஸ் கைக்கு வரும்போதெல்லாம் எல்லாரும் ஒரு இடம் சுத்தி வரணும். எங்க திடல்ல ஸ்மாஷ் அடிக்கிறவன் ஆட்டம் பூரா நெட் ஓரமே குத்துக்கல்லு மாதிரி நிக்கிறான். அவனுக்குத் தோதான ரூல் மட்டும் இன்டர்நேஷனலா? மத்ததெல்லாம் உள்ளூரா?

பசங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கலை. பழைய முறைல சர்வீஸ் மாறி மாறிப் போய் 8-8லயே முக்கா மணி நேரம் நிக்கும். இருட்டிப்போகும், காத்திருந்தவன் ஆடாமலே வீட்டுக்குப் போவான். இப்ப இருட்டுறதுக்குள்ள மூணு ஆட்டம் முடியுது. ஆனா அந்த மூணையும் ஆடுறது யாரு? ஜெயிச்ச அதே ஆறு பேர்.

எனக்கு வலிக்கிறது வேற ஒண்ணு. வந்தவன் எல்லாம் ஆடினப்ப ஆளைப் பிரிக்கிறதுல தெரு பாக்க வழியில்லை. மேலத்தெருப் பையன் தூக்கிக் குடுப்பான், காலனிப் பையன் அடிப்பான், பாயின்ட் விழுந்தா ரெண்டு பேரும் கை தட்டிக்குவாங்க. டீக்கடைல தனித்தனியா நின்னவங்களும் அந்த ஒரு மணி நேரம் ஒரே பக்கம் நின்னாங்க. இப்ப ஆறு பேரைப் பொறுக்கணும்னதும் அவனவன் அவனவன் தெருவுலயே பொறுக்குறான். போன மாசத்துல இருந்து ஆளுக்கு 20 ரூபாய் பந்தயம் வேற. அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் பந்தயம்னா அது எங்க போய் நிக்கும்னு கிராமத்துல பொறந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒரு நாள் கோட்டுக்கு உள்ளயா வெளியயா என்ற தகராறுல சட்டையைப் பிடிச்சாச்சு.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. 25 பாயின்டே இருக்கட்டும், சர்வீஸ் நெட்ல விழுந்தா மட்டும் பாயின்ட் வேண்டாம், கைமாறினாப் போதும். ரொட்டேஷன் கட்டாயம். ஜெயிச்ச டீமும் ரெண்டு ஆட்டத்துக்கு மேல நிக்கக் கூடாது. பந்தயம் அறவே கூடாது. ஆளைப் பிரிக்கிறதுக்குச் சீட்டுக் குலுக்கணும்.

வர்ற ஞாயித்துக்கிழமை புதுப் பந்துக்கு வசூல், ஆளுக்கு 100 ரூபாய். "பெரியப்பா, நீங்க உக்காந்து ஸ்கோர் பாருங்க" என்று ஓரமா உக்கார வெச்சவங்களுக்கும் அதே 100 ரூபாய்தானாம். காசைக் கைல வெச்சுக்கிட்டு இதைத்தான் முதல்ல கேக்கப் போறேன்.