நட்டால் மட்டும் காடாகிவிடுமா?

கடலோரத்தில் அழிந்துபோன பாக்காவ் காட்டை மீண்டும் உண்டாக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சு. நாமும் வரவேற்கிறோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பினாங்கையும் கெடாவையும் தாக்கி, நம் நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் இந்த ஞானம் பலருக்குப் பிறந்தது. 2005-இல் அரசாங்கமே கடலோரங்களில் கன்று நடும் திட்டத்தைத் தொடங்கியது. சரி, நட்டதில் நின்றது எவ்வளவு? இதுவே நம் கேள்வி.

இரண்டாண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் நடந்த நடவு விழாவுக்கு நம் கிளையிலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். பந்தல், பேச்சு, இலவசச் சட்டை, சாப்பாடு எல்லாம் குறைவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி, காட்டிய இடத்தில் கன்றை ஊன்றிவிட்டு வந்தோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், சிப்பி போன்ற ஓட்டுப்பூச்சிகள் அப்பிய மொட்டைக் குச்சிகள்தான் நின்றன. கன்றுகளைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டோம். அப்படி ஓர் ஆளே நியமிக்கப்படவில்லை என்றார்கள்.

தோழர்களே, பால்மரம் இப்படியா வளர்கிறது? மறுநடவு என்றால் என்ன வேலை என்பது நமக்குத் தெரியாதா? நாற்றுமேடை, ஒட்டுக்கட்டு, குழிவெட்டு, பட்டுப்போன இடத்தில் மாற்றுக் கன்று, லாலான் அழிப்பு, உரம் என்று ஆறேழு ஆண்டு பாடுபட்ட பிறகே கத்தி வைக்கிறோம். அத்தனை நாளும் செக்ரோலில் பேர் ஏறுகிறது, சம்பளம் போடப்படுகிறது. கடலோரக் காட்டுக்கு மட்டும் ஒரு நாள் விழா போதுமா?

இன்னொரு தவறு இதைவிடப் பெரிது. பாக்காவ் மரம் கடல்நீரில் வளர்ந்தாலும், எப்போதும் நீருக்குள்ளேயே நின்றால் செத்துப்போகும். வற்றம் வரும்போது அதன் வேருக்குக் காற்றுப் பட வேண்டும். எந்நேரமும் அலை அடிக்கும் தாழ்ந்த சேற்றில் நட்டால் கன்று மூழ்கும், அல்லது அடித்துக்கொண்டு போகும். சிலாங்கூரில் சுங்கை ஹாஜி டோரானி கடற்கரையில் அலைதடுப்புக் கல்லணை கட்டி அதன் பின்னால் கன்று நட்டுப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் உயிரோடு இருந்தவை ஏறக்குறைய 30 சதவீதம் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அணை கட்டியும் இந்தக் கதி என்றால், வெறுஞ்சேற்றில் ஊன்றிய கன்றின் கதியை நாமே ஊகிக்கலாம்.

காடு ஏன் போயிற்று என்று பார்த்தால் வழியும் தெரியும். சிலாங்கூர், கீழ்ப்பேராக் கடலோரத் தோட்டங்கள் பாக்காவை வெட்டி, பண்டு கட்டி, வடிகால் தோண்டி, கடலை வெளியே நிறுத்தி உண்டானவை. அந்த மண்ணைச் சுமந்த தோள்களில் நம் பாட்டன் பாட்டிகளின் தோளும் உண்டு. நீர் வடிந்த மண் அமுங்கித் தாழ்ந்தது. பல இடங்களில் புளித்தும் போனது. பின்னாளில் இறால் குளங்களும் வந்தன. ஆகவே, கைவிட்ட குளத்தின் கரையைத் திறந்து, அடைபட்ட ஓடையை வெட்டி, ஏற்றவற்றம் உள்ளே வந்துபோகச் செய்வதுதான் முதல் வேலை. தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் விதையை அந்தத் தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும். அது வராத இடத்தில் நாம் நட்டால் போதும்.

இது முடியாத காரியம் என்பவர்கள் பேராக்கிலுள்ள மாத்தாங் காட்டைப் பார்க்கட்டும். ஏறக்குறைய 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக வெட்டுகிறார்கள். காடு இன்னமும் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு ஒரு முறை வெட்டு. வெட்டிய இடத்தைப் போய்ப் பார்த்து, தானாக முளைக்காத பகுதியில் நடுகிறார்கள், புதரை அழிக்கிறார்கள். நம் மறுநடவு போலவே அதுவும் திட்டம் போட்டுச் செய்கிற வேலை.

பால்வெட்டுகிறவனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பண்டு உடைந்தால் உப்புநீர் முதலில் நுழைவது மானேஜர் பங்களாவில் அல்ல, லயத்தில். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். காடு குறைந்தால் மீன் குறையும். சந்தையில் விலை ஏறும். நம் சட்டியில் குழம்பு தண்ணீராகும்.

ஆகவே நாம் கேட்பது இது. நடுமுன் நீரோட்டத்தையும் நிலமட்டத்தையும் அளக்க வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும். அந்த வேலையை அங்குள்ள மீனவர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும், சேமநிதி, சொக்சோவுடன் முறையான சம்பளத்துக்குக் கொடுக்க வேண்டும். நின்ற மரம் எத்தனை என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பணம் இல்லை என்பார்கள். பத்தாயிரம் கன்று நட்டு ஆயிரம் நிற்பதைவிட, இரண்டாயிரம் நட்டு அவற்றைக் காப்பது சிக்கனம். பந்தல் செலவை அதற்குக் கொடுக்கட்டும்.

அடுத்த விழாவுக்கும் அழைப்பு வரும். போவோம், சேற்றிலும் இறங்குவோம். ஆனால் கன்றைக் கையில் வாங்குமுன், நாளைக்கு இதைப் பார்க்கப் போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். பதில் வந்த பிறகு நடுவோம்.