புரோஃப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த வாரம் வீட்டில் பிரியாணி. மாமா தோளைத் தட்டி, "இனிமே நம்ம குடும்பத்துலயும் ஒரு டாக்டர்" என்றார். அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "புரோஃப் என்ன சொன்னாலும் கேட்டுக்கோ. எதிர்த்துப் பேசாத." அப்பா பேச்சைக் கேட்டேன். ஐந்து மாதம் குப்பைக்குப் போனது.

என் ஆய்வு புற்றுநோய் செல்களில். குடுவையில் அவற்றை வளர்த்து, ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றி, எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். திங்கட்கிழமை கொத்துக் கொத்தாகச் செத்த செல்கள் வியாழக்கிழமை அதே அளவுக்கு அசையவே இல்லை. என் கை சரியில்லை என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிவரை திரும்பத் திரும்பச் செய்தேன். எஸ்டிபிஎம் வரைக்கும் நமக்குக் கற்றுக்கொடுத்தது அதுதானே? விடை தப்பாக வந்தால் தப்பு மாணவனுடையது.

செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்றொரு பாக்டீரியா உண்டு. மற்ற பாக்டீரியா புகுந்தால் வளர்ப்புத் திரவம் கலங்கிவிடும், கண்ணாலேயே தெரியும். இது கலக்காது. சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாது. செல் சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் மசியாது. செல்லின் உணவைத் தின்றுகொண்டே உங்கள் முடிவுகளை மாற்றிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க ஒரு பிசிஆர் போதும். ஒரே நாளில் முடிகிற வேலை.

இரண்டாம் மாதமே எனக்குச் சந்தேகம் வந்தது. சீனியர் அக்காவிடம் கேட்டேன். "நம்ம லேப் செல்லையே சந்தேகப்படுறியான்னு புரோஃப் கேப்பாருடா. வேணாம்." நானும் விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதம் பக்கத்து லேப் மாணவி எங்கள் செல்களை இரவல் வாங்கிப் போனாள். வெளியிலிருந்து வரும் எதையும் சோதிக்காமல் இன்குபேட்டரில் வைக்க மாட்டார்கள் அங்கே. முடிவு: பாசிட்டிவ். புரோஃப் கத்தவில்லை. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாதி அவர் மேல். பாதி என் மேல்.

நம் பிள்ளைகள் பிஎச்டியில் தடுமாறுவதற்குப் பொறுமை போதவில்லை, ஆங்கிலம் போதவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். பொய். பணிவு கூடிப்போய்விட்டது. குருவைத் தெய்வமாக்கி வளர்த்த பிள்ளையைச் சந்தேகப்படுவதே வேலையான இடத்தில் கொண்டுபோய் விடுகிறோம். (இலக்கியக் கூட்டங்களில் மூத்த எழுத்தாளரின் சுமாரான நாவலுக்குக் கைதட்டும் நாமும் அதே பிள்ளைகள்தான்.)

இந்த நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 1998 இறுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரி கலந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதைப் பார்த்தார். எல்லாரும் சொன்ன வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரிகளை அமெரிக்காவுக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். நிப்பா என்ற புது வைரஸ் உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்குள் நோய் நெகிரி செம்பிலானில் பரவியிருந்தது. மலேசியாவில் 265 பேருக்குத் தொற்று, 105 பேர் மரணம். தவறான பெயரோடு கழிந்த ஒவ்வொரு வாரத்துக்கும் அதில் பங்குண்டு.

"அப்போ மரியாதையே வேணாமா?" என்பார்கள். வணக்கம் சொல்லுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள். தரவு விஷயத்தில் வாயை மூடாதீர்கள். ஸ்காலர்ஷிப் நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்து அவருடையது என்பது எனக்கும் தெரியும்; வீரவசனம் பேசச் சொல்லவில்லை. முதல் வாரமே, யார் மேலும் பழி விழ வழியில்லாதபோதே, "இந்த செல்களைக் கடைசியாக எப்போது சோதித்தோம்?" என்று கேட்டுவிடுங்கள்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி என்னிடமே வந்து கேட்டான்: "அண்ணே, நீங்க குடுத்த செல் டெஸ்ட் பண்ணதா?"

சுள்ளென்று வந்தது எனக்கு. பண்ணியிருக்கவில்லை.