பூட்டின் பழுதை மறைப்பது பாதுகாப்பாகுமா?

கடந்த 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி காலை மும்பை மாநகரம் மின்சாரமின்றி ஸ்தம்பித்தது. புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றன. மருத்துவமனைகள் ஜெனரேட்டர்களை நம்ப நேரிட்டது. அதற்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு 2021 மார்ச்சில் இரண்டு பதில்கள் கிடைத்தன. நாசவேலைக்கு வாய்ப்புண்டு என்று மாநில சைபர் போலீஸாரின் அறிக்கையைச் சுட்டிக்காட்டினார் அன்றைய மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக். மனிதத் தவறே காரணம், சைபர் தாக்குதலுக்கு ஆதாரமில்லை என்றார் அன்றைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங். எது உண்மை என்று மக்கள் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இது ஒரு நகரத்தோடு முடிந்துபோன விவகாரமல்ல. மின்நிலையம், எண்ணெய்க் குழாய், குடிநீர் விநியோகம் என எல்லாத் துறைகளிலும் இயந்திரங்களைத் தொலைவிலிருந்தே கண்காணித்து இயக்கும் 'ஸ்காடா' மென்பொருள்கள் வந்துவிட்டன. தில்லிக்கு அருகே ஹரியாணா மாநிலம் மானேசரில் உள்ள பவர் கிரிட் நிறுவனத்தின் மையத்திலிருந்து, பல மாநிலங்களின் துணை மின்நிலையங்கள் இயக்கப்படுகின்றன. இதனால் செலவு குறைகிறது, பழுது உடனே தெரிகிறது. இந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை.

ஆனால், இத்தகைய அமைப்புகளில் பல, வெளியுலகத் தொடர்பே இல்லாத தனி வலைப்பின்னலில் இயங்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டவை. 1979-இல் உருவான 'மோட்பஸ்' என்ற தகவல் பரிமாற்ற முறை இன்றும் தொழிற்சாலைகளில் பயன்பாட்டில் உள்ளது. கட்டளை இடுபவர் யார் என்று சரிபார்க்கும் வழி அதன் மூல வடிவத்தில் இல்லை. யார் சொன்னாலும் இயந்திரம் கேட்கும். அலுவலகக் கணினியில் 'அப்டேட்' செய்வதுபோல, இரவும் பகலும் ஓடும் ஆலையின் மென்பொருளில் உடனுக்குடன் திருத்தம் செய்யவும் இயலாது. எனவே, கண்டறியப்பட்ட ஓட்டைகள்கூட நெடுங்காலம் அடைக்கப்படாமல் இருக்கின்றன.

இதன் விளைவை உக்ரைன் அனுபவித்தது. 2015 டிசம்பர் 23-ஆம் தேதி அந்நாட்டின் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், தொலைவிலிருந்தே மின்சுற்றுகளைத் துண்டித்தனர். சுமார் 2.25 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று கையால் இயக்கியதால், சில மணி நேரத்தில் நிலைமை சீரானது. ஆளில்லா துணை மின்நிலையங்கள் பெருகிவரும் இந்தியா இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு எச்சரிக்கைகள் வராமல் இல்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஊடுருவல் நடந்ததாக 2019 அக்டோபரில் செய்தி வெளியானபோது, நிலைய நிர்வாகம் அக்டோபர் 29-ஆம் தேதி அதை மறுத்தது. மறுநாளே, ஒரு கணினியில் தீங்கிழைக்கும் மென்பொருள் இருந்தது உண்மை என இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான கணினி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புடன் தொடர்பில்லாதது என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' இதைக் கண்டறிந்தது செப்டம்பர் 4-ஆம் தேதி. செய்தி கசிந்திராவிட்டால் நாட்டுக்குத் தெரிந்திருக்குமா என்பதே கேள்வி.

அதன் பின்னர் அரசு சும்மா இருக்கவில்லை. இறக்குமதியாகும் மின்சாதனங்களைச் சோதிக்க வேண்டும் என்று 2020 ஜூலையில் மின்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மின்துறைக்கென சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை 2021-இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்டது. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என 2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' ஆணையிட்டது. ஸ்காடா அமைப்புகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும், தகவல்கள் அனைத்தும் அரசுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க 2014-இல் அமைக்கப்பட்ட தேசிய மையம், உளவுப் பணி புரியும் தேசிய தொழில்நுட்ப ஆய்வு அமைப்பின் கீழ் இயங்குகிறது. அந்த அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. 2023 நவம்பரில் 'செர்ட்-இன்' அமைப்புக்கும் அதே விலக்கு அளிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால், மொத்த எண்ணிக்கையும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் பட்டியலுமே பெரும்பாலும் பதிலாக வருகின்றன. எந்த ஓட்டை எத்தனை நாள் திறந்திருந்தது, அதற்கு யார் பொறுப்பு என்பது அவைக்கு வருவதில்லை.

பலவீனத்தை வெளியில் சொன்னால் எதிரிக்கு உதவியாகாதா என்று அதிகாரிகள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எந்த நிலையத்தில் எந்த ஓட்டை என்று ஊரறியச் சொல்லும்படி யாரும் கோரவில்லை. தொழிற்சாலை மென்பொருள்களில் காணப்படும் குறைகளைத் தயாரிப்பாளரின் பெயருடன் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பே பகிரங்கமாக வெளியிடுகிறது. குறைகளின் விவரம் ஊடுருவுபவர்களுக்கு எட்டாது என்று நம்புவதற்கில்லை. அவை சரிசெய்யப்பட்டனவா என்பது மட்டுமே தெரியாமல் இருக்கிறது. அதை அறியும் உரிமை மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டு.

அதற்கான வழியும் நம்மிடமே இருக்கிறது. நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் கூட்டங்கள் மூடிய அறையில்தான் நடக்கின்றன. மின்துறை, அணுசக்தித் துறை உள்ளிட்டவற்றில் நிகழ்ந்த ஊடுருவல்கள், அடைக்கப்படாத ஓட்டைகள், காலக்கெடுவைத் தவறவிட்ட நிறுவனங்கள் குறித்து ஆண்டுதோறும் அக்குழுக்களிடம் அறிக்கை தருவதைச் சட்டப்படி கட்டாயமாக்கலாம். ரகசியம் தவிர்த்த சுருக்கத்தை அவையில் வைக்கலாம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் இதனைத் தணிக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த 2021-இல் திட்டமிடப்பட்டது. அவற்றைக் கொண்டு ஒரு வீட்டின் மின் இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்க முடியும். இனி இந்தப் பிரச்னை அணு உலையோடும் துணை மின்நிலையத்தோடும் நிற்கப்போவதில்லை; ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். அடுத்த முறை ஒரு மாநகரம் இருளில் மூழ்கினால், அதற்கான காரணத்தை நாடாளுமன்றம் கேட்டுப் பெற வேண்டும். இரண்டு அமைச்சர்களின் இரண்டு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் மக்களை மீண்டும் விட்டுவிடக் கூடாது.