ஆகாயத்தில் ஒரு கியூ வரிசை

பஸ்ஸுக்காக வரிசையில் நிற்பவர் கால் மாற்றி நின்று களைப்பாறலாம். ஆகாய விமானத்துக்கோ நிற்க வழியில்லை. சுற்றிக்கொண்டேதான் காத்திருக்க வேண்டும்.

இலண்டன் ஹீத்றோ விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நகரைச் சூழ நான்கு இடங்களுக்கு மேலே, இடியப்பத் தட்டுகளை அடுக்கினாற்போல, ஆயிரம் அடிக்கு ஒன்றாக விமானங்கள் வட்டமிடுகின்றன. அடியிலுள்ளதை வெளியே அழைத்ததும் மேலுள்ளவை ஒவ்வொரு படி இறங்குகின்றன.

இவ்வொழுங்கைச் செய்வோர் கோபுரத்தில் இருப்பவரென்றே பலரும் எண்ணுவர். அதுவன்று. பல மைல்களுக்கப்பால், ஹாம்ஷயரின் சுவானிக்கில், ஓடுபாதையே கண்ணிற் படாத அறையொன்றில் றேடார்த் திரைமுன் இருப்போரே நான்கு அடுக்குகளினின்றும் விமானங்களை எடுத்து ஒரே சரமாகத் தொடுக்கின்றனர். ஓடுபாதை நெருங்கிய பின்னரே கோபுரத்தார் பொறுப்பேற்பர். பெரிய விமானத்தின் பின்னே எழும் சுழற்காற்று சிறியதைப் புரட்டிவிடுமாதலால், அவற்றிடையே கூடுதலான இடைவெளி விடுவர்.

முதலில் வந்தது முதலில் இறங்குவதே பொது வழக்கம். ஆபத்திலுள்ளதற்கு வரிசை வழிவிடும். ஆனால் ஆபத்தென்பதை விமானி வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.

1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில் அச்சொல் எழவில்லை. கெட்ட வானிலையால் அதனை மூன்று இடங்களில், மொத்தம் 1 மணி 17 நிமிடம் சுற்றவைத்தனர். எரிபொருள் வற்றிக்கொண்டிருந்தது. துணை விமானி 'முன்னுரிமை' வேண்டினார். 'அவசர நிலை' என்று உரைத்தாரில்லை. முதன்முறை இறங்க முயன்று கைகூடாதபோது, அவசர நிலையை அறிவிக்குமாறு தலைமை விமானி தம் தாய்மொழியிற் பணித்தார். துணைவரோ, மறுபடி முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்து வருவதாகவும் மட்டும் றேடியோவில் ஆங்கிலத்திற் கூறிவிட்டு, அறிவித்தாயிற்று என்று தலைவருக்கு விடையிறுத்தார். எவ்வளவு சாதாரணமான பேச்சு! தரையில் கேட்டவர் விமானத்தை மீண்டும் ஒரு சுற்றுக்கு அனுப்பினார். இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. லோங் ஐலண்ட் குன்றொன்றில் விமானம் வீழ்ந்தது. தீப்பற்ற எரிபொருள்தானும் மிஞ்சவில்லை. இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2012இல் இதற்கெனச் சொற்களை வரையறுத்தது. 'குறைந்தபட்ச எரிபொருள்' என்றால் இனியும் தாமதம் தாங்காது என்னும் முன்னறிவிப்பு மட்டுமே. அதனால் முதலிடம் கிடையாது. 'மேடே' என மும்முறை கூறி, 'எரிபொருள்' என்று சேர்த்தாலோ வரிசை முழுவதும் விலகி வழிவிடும்.